‘டேக் ஆஃப்’புக்கு எதிர் ‘டேக் ஆன்’ ஆகுமா? ஆங்கிலத் தொடர்கள் குறித்த கேள்வி பதில்

கேள்வி: சார், ‘டேக் ஆஃப்’ என்பதற்கு எதிர்ச்சொல்லாக ‘டேக் ஆன்’ என்று என் மகள் எழுதினாள். தவறு போட்டுவிட்டார்கள். ‘ஆஃப்’புக்கு எதிர் ‘ஆன்’தானே?

பதில்: தவறு போட்டது சரிதான். தொடரில் ஒரு சொல்லை மட்டும் மாற்றிப் போட்டால் எதிர்ச்சொல் வந்துவிடாது. தமிழிலேயே பாருங்கள், ‘கைகொடுத்தான்’ என்பதற்கு எதிர் ‘கைவிட்டான்’. ‘கால் கொடுத்தான்’ என்று யாரும் சொல்வதில்லை.

எதை ‘டேக் ஆஃப்’ செய்கிறோம் என்பதை முதலில் கேளுங்கள். சட்டை என்றால் கழற்றுவது, எதிர் ‘புட் ஆன்’. விமானம் என்றால் கிளம்புவது, எதிர் ‘லேண்ட்’. வேலையிலிருந்து இரண்டு நாள் ‘டேக் ஆஃப்’ என்றால் லீவு. அதற்கு வேலைக்குப் போவதுதான் எதிர், தனித் தொடர் தேடி அலைய வேண்டாம். ‘டேக் ஆன்’ என்பது வேறு குடும்பம். பொறுப்பை ஏற்பது, ஆளை வேலைக்கு எடுப்பது. ஆள் எடுப்பதற்கு எதிர் ‘லே ஆஃப்’. அதேபோல ‘புட் ஆன்’ கூட எப்போதும் ‘டேக் ஆஃப்’புக்கு ஜோடி இல்லை. உடம்பு எடை கூடுவது ‘புட் ஆன் வெயிட்’, குறைவது ‘லூஸ் வெயிட்’.

கேள்வி: அப்படியானால் ‘அப்’, ‘டவுன்’ ஜோடியையும் நம்பக் கூடாதா?

பதில்: பாதி நம்பலாம். டிவி சத்தத்தை ‘டர்ன் அப்’, ‘டர்ன் டவுன்’ செய்வது சரியான எதிர். ஒருவரை மதிப்பது ‘லுக் அப் டு’, மட்டமாக நினைப்பது ‘லுக் டவுன் ஆன்’, இதுவும் சரி. ஆனால் வேலைவாய்ப்பை ‘டர்ன் டவுன்’ செய்தால் மறுப்பது, எதிர் ‘அக்செப்ட்’. வேடிக்கை என்னவென்றால் ‘ஸ்லோ அப்’, ‘ஸ்லோ டவுன்’ இரண்டுமே வேகம் குறைவதுதான். படிவத்தை ‘ஃபில் இன்’ செய்தாலும் ‘ஃபில் அவுட்’ செய்தாலும் அதே வேலைதான்.

கேள்வி: ‘கிவ் அப்’?

பதில்: புகைப்பதை விடுவது என்றால் எதிர் ‘டேக் அப்’. முயற்சியைக் கைவிடுவது என்றால் ‘கீப் கோயிங்’.

கேள்வி: பஸ்ஸிலிருந்து இறங்குவது ‘கெட் ஆஃப்’, காரிலிருந்து இறங்குவது மட்டும் ஏன் ‘கெட் அவுட் ஆஃப்’?

பதில்: ஏறும்போதே வேறுபாடு தொடங்கிவிடுகிறது. எழுந்து நடக்க இடமுள்ள பஸ், ரயில், விமானத்துக்கு ‘கெட் ஆன்’, ‘கெட் ஆஃப்’. குனிந்து உள்ளே நுழையும் காருக்கு ‘கெட் இன்’, ‘கெட் அவுட் ஆஃப்’. சைக்கிளுக்கும் குதிரைக்கும் மேலே உட்காருவதால் மறுபடி ‘ஆன்’, ‘ஆஃப்’.

கேள்வி: மரபுத்தொடர்களுக்கும் எதிர் உண்டா? மேடைப் பேச்சுக்குத் தேவை. ‘அண்டர் த வெதர்’ என்பதற்கு ‘ஓவர் த வெதர்’ சொல்லலாமா?

பதில்: சொன்னால் கேட்பவர்கள் விழிப்பார்கள். உடம்பு சரியில்லை என்பதற்கு எதிராக ‘ஃபிட் அஸ் எ ஃபிடில்’ சொல்லுங்கள். ரகசியத்தைப் போட்டு உடைப்பது ‘லெட் த கேட் அவுட் ஆஃப் த பேக்’. காப்பது ‘கீப் இட் அண்டர் யுவர் ஹேட்’. பூனைக்கும் தொப்பிக்கும் என்ன உறவு என்று கேட்காதீர்கள்! அச்சாகப் பொருந்துவது ‘இன் த ரெட்’ (நட்டத்தில் இருப்பது), ‘இன் த பிளாக்’ (லாபத்தில் இருப்பது). கணக்கேட்டில் நட்டத்தைச் சிவப்பு மையால் எழுதிய பழக்கத்திலிருந்து வந்தவை. முதல் சந்திப்பின் தயக்கத்தைப் போக்கிப் பேச்சைத் தொடங்குவதைக் குறிக்கும் ‘பிரேக் த ஐஸ்’ போன்றவற்றுக்கு நிலைத்த எதிர்த்தொடர் கிடையாது.

கேள்வி: அலாரம் ‘கோ ஆஃப்’ ஆனது என்றால் நின்றுவிட்டதா?

பதில்: இல்லை, அடித்தது! எதிர் ‘ஸ்டாப்’. விளக்கு ‘கோ ஆஃப்’ ஆனால்தான் அணைந்தது, அதற்கு எதிர் ‘கம் ஆன்’.