அந்தக் கோயில் திறந்ததா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆறு வருடமாக ஒரு சாதி ஒழிப்புக் குழுவில் இருக்கிறேன். ஒரு கிராமத்துக் கோயில் நுழைவுப் பிரச்சினையின்போது போய்ச் சேர்ந்தேன். அன்று எங்களுக்கு வந்தது நியாயமான கோபம். இப்போதோ கூட்டத்துக்குப் போகவே பயமாக இருக்கிறது. போன மாதம் புதிதாக வந்த கல்லூரிப் பையன் ஒருவன் ஏதோ ஒரு வார்த்தையைத் தவறாகச் சொல்லிவிட்டான். ஒரு மணி நேரம் நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்கள். அவன் அப்புறம் வரவே இல்லை. “கோபத்தை விட்டு அன்பால் போராடலாமே” என்றேன். “நீ அடி வாங்கியவன் இல்லை” என்றார்கள். அதுவும் உண்மைதான். கோபம் இல்லாமல் சமூகநீதிப் போராட்டம் நடக்குமா?

கே.

அன்புள்ள கே.,

நடக்காது. உங்களுக்குக் கிடைத்த பதிலிலும் பாதி நியாயம் இருக்கிறது. கோபப்படாதே என்ற உபதேசம் எப்போதும் அடிபட்டவன் வீட்டுக்குத்தான் முதலில் வருகிறது. ஆனால் அந்தப் பையனை நிற்கவைத்ததைக் கோபம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மகாராஷ்டிரத்தின் மகாட் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுக் குளங்களையும் கிணறுகளையும் தீண்டப்படாதோருக்குத் திறந்துவிட பம்பாய் சட்டமன்றம் 1923-லேயே தீர்மானம் போட்டது. மகாட் நகராட்சியும் 1924-ல் சவுதார் குளத்துக்கு அப்படியே தீர்மானித்தது. எல்லாம் காகிதத்தில். 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஊர்வலமாகப் போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அடுத்து கோயிலுக்குள் நுழையப் போகிறார்கள் என்று ஊரில் புரளி கிளம்பியது. பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களைத் தடியால் அடித்தார்கள், சோற்றை மண்ணில் கொட்டினார்கள். வந்திருந்தவர்களில் பட்டாளத்தில் இருந்த மகார்களும், அதாவது அம்பேத்கரின் சாதியினரும் உண்டு. அம்பேத்கர் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவர் திருப்பி அடிக்க விடவில்லை. ஊரார் சாணமும் கோமியமும் ஊற்றிக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள்.

இதைச் சொல்லி ‘பார், என்ன பொறுமை’ என்று சிலாகிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் பொறுமை தெரியவில்லை. இரண்டே வாரத்தில், ஏப்ரல் 3 அன்று, ‘பகிஷ்கிருத பாரத்’ பத்திரிகையைத் தொடங்கினார். அடித்தவர்களில் சிலர் சிறைக்குப் போனார்கள். ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தையே ரத்து செய்தது. டிசம்பரில் அவர் ஆயிரக்கணக்கானவர்களோடு மறுபடியும் அதே மகாடுக்கு வந்து நின்றார். இந்த ஒன்பது மாதக் கோபத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். தடி எடுத்தவன் முகம் ஒவ்வொன்றும் நினைவில் இருந்திருக்கும். ஆனால் டிசம்பர் 25 இரவு குழி வெட்டி எரித்தது மனுஸ்மிருதியை. அதற்கான தீர்மானத்தைக் கொண்டுவந்த சகஸ்ரபுத்தே பிறப்பால் பிராமணர். பந்தல் போட நிலம் கொடுத்தவர் ஒரு முஸ்லிம். மனதுக்குள் கறுவிக்கொண்டிருப்பவர்களின் கூட்டத்தில் சகஸ்ரபுத்தே உட்கார்ந்திருக்க முடியுமா? உங்கள் குழுவில் அவரை எத்தனை மணி நேரம் நிற்கவைத்திருப்பார்கள்?

அந்த டிசம்பர் மாநாட்டில் எனக்கு நெருடுகிற இடமும் ஒன்று உண்டு. குளத்தில் இறங்க நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டிருந்தது. சிறைக்குப் போகத் தயாராக வந்தவர்களிடம் அம்பேத்கரே பேசி, சத்தியாகிரகத்தைத் தள்ளிவைத்தார். குளத்தைச் சுற்றி ஊர்வலம் போய்விட்டுத் திரும்பினார்கள். உயர் நீதிமன்றத் தீர்ப்பு சாதகமாக வந்தது 1937-ல். கிட்டத்தட்ட பத்து வருடம்! அன்று தடையை மீறியிருக்க வேண்டும் என்று ஒரு நாள் தோன்றும், அவர் செய்ததே சரி என்று மறுநாள் தோன்றும். ஒன்று மட்டும் தெரிகிறது. அத்தனை வாய்தாக்களுக்கு நடுவிலும் அவர்கள் கேட்டது மாறவில்லை: குளம் திறக்க வேண்டும்.

கோபத்துக்குக் கேட்க ஒன்று இருக்கும். கொடுத்தால் அது அடங்கும். வன்மத்துக்கு எதைக் கொடுத்தும் தீராது. கேட்க ஒன்றும் இல்லாதபோது பக்கத்தில் இருப்பவன்தான் அகப்படுவான், ஆபீஸில் வாங்கிய திட்டை வீட்டில் காட்டுகிற மாதிரி. அந்த ஒரு மணி நேரத்தின் முடிவில் பையனிடம் உங்கள் தோழர்கள் எதிர்பார்த்தது என்ன? மன்னிப்பா? அதை அவன் முதல் ஐந்து நிமிடத்திலேயே கேட்டிருப்பான் என்று நினைக்கிறேன்.

சரி, ஆறு வருடத்துக்கு முன் ஒரு கோயிலுக்காகப் போய்ச் சேர்ந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோயில் திறந்ததா இல்லையா என்று கடிதத்தில் எங்கும் இல்லை. உங்கள் கூட்டத்தில் அதைப் பற்றிக் கடைசியாக எப்போது பேசினார்கள்?