அழுதால் புற்றுநோய் கூடிவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 43. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து கீமோ போய்க்கொண்டிருக்கிறது. நான்கு முறை ஏற்றியாகிவிட்டது, இன்னும் நான்கு பாக்கி. வீட்டில் எல்லோரும் "தைரியமா இரு, மனசு விட்டுட்டா நோய் கூடிடும்" என்கிறார்கள். அதனால் அழுகை வந்தால் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன். அழுது முடித்ததும், நோயை நானே வளர்த்துவிட்டேனோ என்று இன்னொரு பயம் பிடித்துக்கொள்கிறது. கீமோ போட்ட இரண்டு இரவும் தூக்கம் கிடையாது. நாலாம் நாள் எதிலும் பிடிப்பில்லாமல் சுருண்டு கிடக்கிறேன். ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததுமே குமட்டுகிறது. என் மன உறுதி போய்விட்டதா டாக்டர்?

பதில்: முதலில் உங்கள் பெரிய பயத்துக்கு வருகிறேன். நீங்கள் அழுவதால் புற்றுநோய் வளராது. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. தலை, கழுத்துப் பகுதியில் புற்றுநோய் வந்த 1,093 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2007-இல் வெளியானது. அவர்களுடைய மனநிலைக்கும் எத்தனை காலம் உயிரோடு இருந்தார்கள் என்பதற்கும் அதில் தொடர்பு தென்படவில்லை. புற்றுநோயாளிகளின் மனநலத்தைத் தனித் துறையாக வளர்த்தெடுத்தவர் ஜிம்மி ஹாலண்ட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர். 'எப்போதும் நல்லதையே நினை' என்று நோயாளியை நெருக்குவதை அவர் ஒரு கொடுங்கோன்மை என்றே சொன்னார். நோயையும் சுமந்து, 'சிரிக்காவிட்டால் நோய் கூடும்' என்ற பழியையும் ஏன் ஒருவர் சுமக்க வேண்டும்? குழாயை மூடிவிட்டே அழலாம்.

அடுத்து, அந்த இரண்டு இரவுகள். வாந்தியையும் ஒவ்வாமையையும் தடுப்பதற்காகக் கீமோவோடு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைத் தருவது வழக்கம். அது உடம்பில் இருக்கும்வரை பலருக்குத் தூக்கம் வராது. மனம் பரபரக்கும், சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும். மருந்தை நிறுத்தியதும் சோர்வும் துக்கமும் வந்து கவியலாம். நீங்கள் எழுதியிருக்கும் நாள் கணக்கு இதோடு நன்றாகப் பொருந்துகிறது. ஆக, மன உறுதி போய்விட்டது என்று நீங்கள் நினைப்பதில் ஒரு பங்கு மருந்தின் வேலையாக இருக்கலாம். மாத்திரையாகத் தந்திருந்தால் காலையிலேயே போட்டுக்கொள்ளலாமா, அளவைக் குறைக்க முடியுமா என்று உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தவே கூடாது. சோர்வு விடாமல் இருந்தால் ஹீமோகுளோபினையும் தைராய்டையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். இவை குறைந்தாலும் மனம் வாடும்.

வாசலில் வரும் குமட்டலும் உங்கள் கோழைத்தனம் இல்லை. கீமோ ஏறிய ஒவ்வொரு முறையும் அந்த ஸ்பிரிட் வாசனையும் கட்டிலும் குமட்டலும் சேர்ந்தே வந்ததால், மூளை மூன்றையும் ஒரே முடிச்சாகப் போட்டு வைத்திருக்கிறது. வாசனை வந்தாலே போதும், மருந்து ஏறாமலே வயிறு புரளும். இதற்குச் சிகிச்சை உண்டு. கீமோவுக்கு முந்தைய நாள் இரவும் கீமோ அன்று காலையும் பதற்றத்தைத் தணிக்கும் மருந்து தருவார்கள். உடம்பைத் தளர்த்தும் மூச்சுப் பயிற்சியும் கைகொடுக்கும். ஆனால் நீங்கள் சொன்னால்தானே அவர்களுக்குத் தெரியும்?

இங்கே ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் "நல்லா இருக்கேன் டாக்டர்" என்றுதான் சிரித்தபடி உட்காருவார். ஒருநாள் தற்செயலாக அவருடைய கைகளைப் பார்த்தேன். மருந்துச் சீட்டின் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழித்து, மடியில் குவித்துக்கொண்டிருந்தார். "தூங்கி எத்தனை நாளாச்சு?" என்றேன். அதற்குப் பிறகு அரை மணி நேரம் அவர்தான் பேசினார். அதுவரை அவர் சிரிப்பை அப்படியே நம்பியிருந்தது என் தவறு. அன்றிலிருந்து நான் யாரிடமும் தூக்கத்தைக் கேட்காமல் இருப்பதில்லை.

மன உறுதி என்று நான் கண்டது இதைத்தான்: அழுத மறுநாளும் கிளம்பிப் போய்க் கையை நீட்டுவது. நீங்கள் நான்கு முறை அதைச் செய்திருக்கிறீர்கள். எட்டையும் சேர்த்து எண்ண வேண்டாம், அடுத்த ஒன்றை மட்டும் பாருங்கள். முடிகிற நாட்களில் பத்து நிமிடமாவது நடங்கள். கீமோ சோர்வுக்குப் படுக்கையைவிட நடை நல்லது.

வீட்டில் யாராவது ஒருவரிடம், உங்கள் கணவரோ அக்காவோ, "தைரியம் சொல்ல வேண்டாம், நான் அழும்போது பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்" என்று சொல்லிப் பாருங்கள். அவர்களும் பயந்துபோய்த்தான் இருக்கிறார்கள். என்ன சொல்வது என்று தெரியாமல்தான் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஸ்டீராய்டு நாட்கள் கடந்தும் இரண்டு வாரத்துக்கு மேல் துக்கம் விடவில்லை, பிடித்த எதிலும் நாட்டமில்லை, சாப்பாடும் இறங்கவில்லை, சிகிச்சையே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அது உங்களைச் சிகிச்சையிலிருந்து இழுத்துவிடும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். பேச்சுவழிச் சிகிச்சையும் மருந்தும் நன்றாகவே பலன் தரும். மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். பிற்பாடு உங்களுக்கு டமாக்சிஃபென் என்ற, மார்பகப் புற்றுநோய்க்கான ஹார்மோன் சிகிச்சை மாத்திரை தரும் திட்டம் இருந்தால் மனநல மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். பாராக்சிடின், ஃப்ளுவாக்சிடின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் அதன் வேலையைக் குறைக்கக்கூடும். வேறு மருந்து தருவார்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு கணம் வந்தால்கூட, அன்றே யாரிடமாவது சொல்லி மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். தூங்காத இரவுகள், குமட்டிய நேரம், அழுத நாட்கள், எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு தாளில் குறித்து வையுங்கள். அடுத்த கீமோவுக்குப் போகும்போது மருத்துவர் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பார். "நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிடாமல் அந்தத் தாளை அவரிடம் கொடுங்கள்.