மஞ்சள் லாரியும் ஈயச் சொம்பும்

கேள்வி: கெங்கையம்மன் திருவிழாக் கடையில் ஒன்றரை வயது மகனுக்கு 80 ரூபாய்க்கு ஒரு மஞ்சள் தகர லாரி வாங்கினேன். ஓயாமல் கடிக்கிறான். முகப்பில் பெயிண்ட் உதிர்ந்து தகரம் தெரிகிறது. “அதில் ஈயம் இருக்கும், கொடுக்காதே” என்கிறார் அண்ணி. “ஈயச் சொம்பு ரசம் குடித்து வளர்ந்தவர்கள்தானே நாம்” என்கிறார் மாமியார். யார் சொல்வது சரி?
- வாசகி, குடியாத்தம்

பதில்: அண்ணி சொல்வதுதான் சரி. லாரியை இன்றே குழந்தையிடமிருந்து வாங்கி வைத்துவிடுங்கள்.

மாமியார் மீது தவறில்லை. குழப்பம் பெயரில் இருக்கிறது. ரசச் சொம்பு வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் அதுதான். பெயிண்டில் வருவது காரீயம்; கீழே ஈயம் என்று சொல்வது இதைத்தான். பெயரில்தான் உறவு, குணத்தில் இல்லை. (வெள்ளீயத்தில் காரீயம் கலந்து விற்பவர்களும் உண்டு என்பதால், சொம்பையும் நம்பிக்கையான கடையில்தான் வாங்க வேண்டும்.)

மஞ்சளும் ஆரஞ்சும் பளிச்சென்று தெரிய ஈயக் குரோமேட் என்ற நிறமியைச் சேர்ப்பது பெயிண்ட் தொழிலில் பழைய வழக்கம். வாய்வழியாகப் போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு அதிகமாகக் குழந்தையின் உடல் உறிஞ்சிக்கொள்கிறது. இரும்புச் சத்து குறைந்த குழந்தை என்றால் இன்னும் கூடுதல். இந்த அளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லத்தக்க அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதிப்பு மூளை வளர்ச்சியில் விழுகிறது. காய்ச்சல், வாந்தி என்று எந்த அடையாளமும் காட்டாமலே விழுகிறது. எனக்கு இதில் மிகவும் கவலை தருவது அதுதான்.

2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்டவர்களின் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஐ.எஸ். 9873 தரம் வயிற்று அமிலத்தைப் போன்ற கரைசலில் பூச்சைச் சோதிக்கிறது. கரைந்து வரும் ஈயம் கிலோவுக்கு 90 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. எனவே அட்டையில் முத்திரையும் அதன் கீழே ‘சிஎம்/எல்’ என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த எண்ணை, முத்திரை தரும் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால் தயாரிப்பாளர் பெயர் வரும். வராவிட்டால் வாங்காதீர்கள். பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. அவற்றை வாங்கும்போது என்ன சாயம் பூசியது என்று விற்பவரிடமே கேளுங்கள்.

லாரியின் மிச்சப் பெயிண்டைச் சுரண்டாதீர்கள். அந்தத் தூசி இன்னும் மோசம். போகித் தீயிலும் போடாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் கொடுத்துவிடாதீர்கள். உறையில் கட்டி, எட்டாத இடத்தில் வையுங்கள், புகாருக்கு உதவும். குழந்தை பல நாள் கடித்திருப்பதால் குழந்தை மருத்துவரிடம் சொல்லி ரத்தத்தில் ஈய அளவைப் பார்த்துவிடுங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும்.

கேள்வி: முத்திரையில்லாத பொம்மை வாங்கிவிட்டேன், பில் இல்லை. புகார் செய்யலாமா?
- வாசகர், காட்பாடி

பதில்: செய்யலாம். முத்திரையில்லாமல் விற்பதே குற்றம். பொம்மை, அட்டை, கடை மூன்றையும் படம் எடுத்து அதே செயலியில் புகார் அனுப்புங்கள்; 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் அழைக்கலாம். பணம் திரும்ப வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரை மனுவுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் அங்கே வாங்கியதற்கு ஆதாரம் கேட்பார்கள். ஜி-பே, போன்-பே ரசீது போனில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.