பருவம் பார்த்துப் புறப்படுங்கள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: நானும் என் மனைவியும் பணி ஓய்வுக்குப் பின் 32 அடி நீள மோட்டார் ஹோம் (வீடுபோல் தங்கிப் பயணிக்கும் வண்டி) ஒன்றை வாங்கியிருக்கிறோம். ஏப்ரல் தொடக்கத்தில் புறப்பட்டு, மே முடியும்வரை ஓக்லஹோமா, கான்சஸ், நெப்ராஸ்கா. ஜூன், ஜூலையில் அரிசோனா, தெற்கு யூட்டா. ஆகஸ்ட், செப்டம்பரில் லூசியானா முதல் ஃபுளோரிடா வரையிலான கடற்கரை. அக்டோபர், நவம்பரில் கொலராடோ, யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா எனத் திட்டம் வகுத்திருக்கிறோம். வானிலையை முன்னிட்டு இவற்றுள் எதையாவது கைவிட வேண்டுமா?
- வாசகர், டாலஸ், டெக்சஸ்

பதில்: எதையும் கைவிட வேண்டாம், வரிசையை மாற்றினால் போதும். இப்போதுள்ள திட்டப்படி ஒவ்வொரு பகுதிக்கும் அதன் மிக மோசமான மாதத்தில் போய்ச் சேருகிறீர்கள்.

முதலில் ஓக்லஹோமா, கான்சஸ், நெப்ராஸ்கா அடங்கிய சமவெளியைப் பார்ப்போம். மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரமான வெப்பக்காற்றும், மேற்கு மேட்டு நிலங்களிலிருந்து இறங்கும் வறண்ட காற்றும், உயரத்தில் விரைந்தோடும் ஜெட் காற்றோட்டமும் வசந்த காலத்தில் அந்தச் சமவெளியின் மேல்தான் ஒன்றுசேர்கின்றன. டோர்னேடோக்கள் (மேகத்திலிருந்து தரையைத் தொடும் கடும் சுழற்காற்றுகள்) தெற்குச் சமவெளியில் மே முதல் ஜூன் தொடக்கம் வரையிலும், ஜெட் காற்றோட்டம் வடக்கே நகர்ந்த பிறகு ஜூன், ஜூலையில் வடக்குச் சமவெளியிலும் உச்சம் பெறுகின்றன. ஓக்லஹோமாவின் மூர் நகரை 2013 மே 20 அன்று மிகக் கடுமையான டோர்னேடோ ஒன்று தாக்கியது. அடுத்த 11 நாளில் எல் ரீனோ அருகே உருவான மற்றொன்றின் அகலம் 2.6 மைல். மோட்டார் ஹோம் வைத்திருப்பவர்களுக்கு இவற்றைவிட அடிக்கடி நேரும் இழப்பு ஆலங்கட்டி மழையால் வருவது. கூரையிலுள்ள காற்றுத் துளை மூடிகளும் ஏசியின் உறையும் பிளாஸ்டிக்கால் ஆனவை. பெரிய ஆலங்கட்டிகள் அவற்றை உடைத்துவிட்டால் அதே மழை படுக்கைமேல் கொட்டும்.

அரிசோனாவின் கோடையை வெப்பம் மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். ஃபீனிக்ஸில் 2023ஆம் ஆண்டு தொடர்ந்து 31 நாட்கள் வெப்பநிலை 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது அல்லது தாண்டியது என்பது உண்மைதான். மெல்லிய சுவர் கொண்ட வண்டிக்குள் அதைத் தாங்குவது கடினம். ஆனால் அங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை பருவமழைக் காலமும் உண்டு. 1997 ஆகஸ்ட் 12 அன்று ஆன்டலோப் பள்ளத்தாக்கின் குறுகிய பிளவுக்குள் நடந்துகொண்டிருந்த 11 பேரைக் கொன்ற வெள்ளம், பல மைல்களுக்கு அப்பால் பெய்த மழையால் வந்தது. தலைக்கு மேலுள்ள வானத்தைப் பார்த்து முடிவெடுக்க முடியாத நிலம் அது.

அட்லாண்டிக் ஹரிக்கேன் (கடலில் உருவாகும் பெரும்புயல்) பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதன் உச்சம் செப்டம்பர் 10 அளவில். புயல் வந்தால் மலைப்பக்கம் போய்விடலாம் என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 2024 செப்டம்பர் 26 இரவு ஃபுளோரிடாவில் கரையேறிய ஹெலீன், மறுநாள் கடலிலிருந்து வெகுதொலைவிலுள்ள வட கரோலைனா மலைப்பகுதியில் ஆஷ்வில் நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் வெள்ளத்தில் ஆழ்த்தி, ஐ-40 நெடுஞ்சாலையின் ஒரு பகுதியையே அரித்துச் சென்றது. யெல்லோஸ்டோனைப் பொறுத்தவரை, நவம்பர் தொடக்கத்திலேயே அங்குள்ள பெரும்பாலான சாலைகள் வாகனங்களுக்கு மூடப்பட்டுவிடும்.

ஆகவே, ஏப்ரலில் வடக்கே திரும்பாமல் நேரே மேற்கே சென்று அரிசோனாவை முடித்துக்கொள்ளுங்கள். மேற்கு டெக்சஸிலும் அந்த மாதத்தில் இடிமழை உண்டு என்பதால் அந்தப் பகுதியைக் காலை வேளைகளில் கடந்துவிடுங்கள். மே மாதம் தெற்கு யூட்டா, ஜூன் பிற்பகுதியிலிருந்து யெல்லோஸ்டோன், செப்டம்பரில் ஆஸ்பென் மரங்களின் இலைகள் மஞ்சளாகும் கொலராடோ, அக்டோபரில் நெப்ராஸ்கா, கான்சஸ், ஓக்லஹோமா வழியாக வீடு. கடற்கரையை டிசம்பருக்குத் தள்ளிவையுங்கள். மொன்டானாவின் கிளேசியர் பூங்காவையும் சேர்த்துக்கொள்வதாக இருந்தால் ஜூலை நடுப்பகுதி ஏற்றது. ஆனால் அங்குள்ள புகழ்பெற்ற மலைச்சாலையின் நடுப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமுள்ள வண்டிகளை அனுமதிப்பதில்லை, உங்கள் வண்டியைக் கீழே நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும். ஆகஸ்டில் மேற்கில் காட்டுத்தீயின் புகை சூழக்கூடும் என்பதால் அந்த மாதத்தில் எந்த ஊரையும் உறுதியாகப் பிடித்து வைக்காதீர்கள்.

முன்பதிவைப் பற்றி நான் அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். தேசியப் பூங்காக்களின் முகாம்களில் இடம் கிடைப்பது அரிது என்பதால் எல்லோரும் ஆறு மாதங்களுக்கு முன்பே பதிவு செய்கிறார்கள். பிறகு அந்தத் தேதியைத் தவறவிடக் கூடாது என்பதற்காகவே, நின்றிருக்க வேண்டிய நாளில் வண்டியைக் கிளப்புகிறார்கள். நீண்ட பயணத்தில் இரண்டு மூன்று இடங்களுக்கு மட்டும் தேதி குறியுங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் நான்கைந்து நாட்களை வெறுமனே விட்டுவையுங்கள். வயோமிங்கின் ஐ-80 போன்ற சாலைகளில், உயரமான பக்கங்களும் குறைந்த எடையும் கொண்ட வண்டிகளைக் காற்றுக்காகவே தடுத்து நிறுத்தும் நாட்கள் உண்டு. அன்று கையில் ஒரு நாள் மிச்சமிருந்தால் மனம் பதறாது.

கேள்வி: எங்கள் வண்டியின் எடை ஏறத்தாழ 9 டன். டோர்னேடோ எச்சரிக்கை வந்தால் உள்ளேயே படுத்துக்கொள்வது பாதுகாப்பானதா?
- வாசகி, டல்சா, ஓக்லஹோமா

பதில்: இல்லை. எடை எவ்வளவானாலும் அதன் பக்கங்கள் கப்பலின் பாய்போல் காற்றை வாங்கும். சுவர்களோ பறந்து வரும் ஒரு மரக்கட்டையைக்கூடத் தடுக்காது. முகாமில் நுழைந்தவுடன், மின் இணைப்பைக் கொடுப்பதற்கு முன்பே, புயல் புகலிடம் எங்கே என்று அலுவலகத்தில் கேளுங்கள். பல முகாம்களில் கான்கிரீட் கட்டைகளால் கட்டிய குளியலறைக் கட்டடமே புகலிடம். அங்கே ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள், ஏனெனில் இரவில் மழையில் அந்த வழி வேறாகத் தெரியும். ‘வாட்ச்’ என்று அறிவித்தால் சூழல் உருவாகிவருகிறது என்று பொருள். காலணி, மருந்து, சாவி மூன்றையும் கதவருகே வைத்துவிடலாம். ‘வார்னிங்’ என்றால் உடனே இறங்கிப் போக வேண்டும். ஸ்லைடு-அவுட்டை (வெளியே நீட்டி அறையை அகலமாக்கும் பக்கப் பகுதி) உள்ளே இழுக்கவோ பந்தலைச் சுருட்டவோ நிற்காதீர்கள். மேம்பாலத்தின் அடியில் ஒதுங்குவது கூடவே கூடாது. அங்கே காற்றின் வேகம் கூடும்.

இன்னொன்றும் உண்டு, அதை நான் பயந்து கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாத இரவில் நெப்ராஸ்காவின் நார்த் பிளாட் அருகே தங்கியிருந்தோம். வானிலை ரேடியோ கீச்சிட்டு, ‘லிங்கன் கவுண்டி’க்கு எச்சரிக்கை என்றது (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி). லிங்கன் நகரம் கிழக்கே 200 மைலுக்கு அப்பால் அல்லவா இருக்கிறது என்று என் கணவர் மீண்டும் படுத்துவிட்டார். நாங்கள் இருந்ததே லிங்கன் கவுண்டி என்பதும், லிங்கன் நகரம் இருப்பது லங்காஸ்டர் கவுண்டியில் என்பதும், பக்கத்து வண்டிக்காரர் கதவைத் தட்டியபோதுதான் தெரிந்தது. சுழல் எங்களை விட்டு விலகிப் போயிற்று. அன்று முதல் ஒவ்வொரு மாலையும் அன்றைய கவுண்டியின் பெயரைத் தடித்த எழுத்தில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுகிறேன். எச்சரிக்கைகள் ஊரின் பெயரைவிடக் கவுண்டியின் பெயரைச் சொல்லியே வருகின்றன. 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை ஒலிபரப்பாகும் அரசின் வானிலை ரேடியோவில் ஒவ்வொரு கவுண்டிக்கும் ஆறு இலக்கக் குறியீடு உண்டு. வண்டி நகரும்போதெல்லாம் அதையும் மாற்றுங்கள்.

டோர்னேடோக்கள் பெரும்பாலும் மாலை 4 மணிக்கும் 9 மணிக்கும் இடையே உண்டாகின்றன. காலையில் ஓட்டி, பிற்பகல் 2 மணிக்குள் நிறுத்திவிடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: டெக்சஸ் ஹில் கன்ட்ரியில் ஜூலை முதல் வாரத்துக்கு ஆற்றை ஒட்டிய இடம் கிடைத்திருக்கிறது. எடுத்துக்கொள்ளலாமா?
- வாசகர், ஆஸ்டின், டெக்சஸ்

பதில்: வேண்டாம். சுண்ணாம்புப் பாறையின்மேல் மெல்லிய மண் கொண்ட அந்த மலைகளில் பெய்யும் மழை உள்ளிறங்காமல் அப்படியே ஆற்றுக்கு ஓடிவரும். 2025 ஜூலை 4 அன்று விடியலுக்கு முன் குவாடலூப் ஆறு சுமார் 45 நிமிடங்களில் 26 அடி உயர்ந்ததாக அதிகாரிகள் தெரிவித்தனர். கரையோர முகாம்களில் இருந்த தங்கும் வசதி கொண்ட வண்டிகள் மனிதர்களோடு அடித்துச் செல்லப்பட்டன. அந்த வெள்ளம் 100-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து மேட்டுப்பகுதியில் வேறு இடம் கேளுங்கள். கிடைத்தாலும், நெடுஞ்சாலைக்கு வெளியேறும் வழியில் தரைப்பாலம் எதுவும் குறுக்கிடுகிறதா என்று கேட்டு, இல்லை என்ற பதில் வந்த பிறகே பணம் கட்டுங்கள்.