ஸ்டெம் செல் சிகிச்சைக்காக நிலத்தை விற்கலாமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 64. ஒன்பது ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய். சட்டைப் பொத்தான் போடவே கால்மணி நேரம் ஆகிறது. மாத்திரையின் வேகம் குறைந்தால், கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நிலைப்படியிலேயே நின்றுவிடுகிறார். இடுப்பெலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல் எடுத்து முதுகில் ஊசியாகச் செலுத்தினால் குணமாகும் என்று ஒரு தனியார் மையத்தில் கூறி, ஆறு லட்சம் ரூபாய் கேட்கிறார்கள். ஊரில் உள்ள அரை ஏக்கரை விற்கலாமா?
- வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: விற்க வேண்டாம். மூளையின் அடிப்பகுதியில், அசைவுகளைச் சீராக்கும் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் சிறிது சிறிதாக அழிவதே இந்நோய்க்குக் காரணம். ஸ்டெம் செல் என்பது வேறு வகை அணுக்களாக வளரக்கூடிய குருத்தணு. மஜ்ஜையில் உள்ள ஸ்டெம் செல்கள் இரத்த அணுக்களை உருவாக்கப் பிறந்தவை. அவற்றை முதுகுத்தண்டு நீரில் செலுத்தினால், மூளைக்குச் சென்று டோபமின் அணுக்களாக மாறிவிடும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை.

உண்மையான நம்பிக்கை வேறிடத்திலிருந்து வருகிறது. முதிர்ந்த உடலணுவை மீண்டும் குருத்தணுவாக மாற்றும் வழியைக் கண்டறிந்த ஷின்யா யமனாக்காவுக்கு 2012-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவ்வழியில் ஆய்வகத்தில் வளர்த்த, டோபமின் அணுக்களாக முதிரக்கூடிய முன்னோடி அணுக்களை, கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவமனையில் 2018-இல் தொடங்கிய ஆய்வில், 50 முதல் 69 வயது வரையிலான 7 நோயாளிகளின் மூளைக்குள் அறுவை மூலம் வைத்தார்கள். 2025-இல் வெளியான முடிவின்படி, இரண்டாண்டுக் கண்காணிப்பில் கட்டி எதுவும் வளரவில்லை. பலன் அளவிடப்பட்ட ஆறு பேரில் நால்வருக்கு, மாத்திரையின் துணையில்லாத நேரத்து அசைவுகள் மேம்பட்டன. மகிழத்தக்க செய்திதான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத, ஏழு பேர் மட்டுமே கொண்ட ஆய்வு அது. அந்த அணு வேறு, உங்களுக்கு விற்கப்படும் அணு வேறு. பெயர் மட்டுமே ஒன்று.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள், இரத்தம் சார்ந்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்றத்தைத் தவிர மற்ற அனைத்தையும் ஆய்வாகவே நடத்த வேண்டும் என்கின்றன. ஆய்வில் சேரும் நோயாளியிடம் அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. ஆகவே அந்த மையத்தாரிடம், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் உங்கள் ஆய்வின் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். எண்ணைச் சொல்லாமல் தவணைக் கணக்கைச் சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள். தீங்கும் இல்லாமல் இல்லை: மூக்கின் உட்சவ்வு அணுக்களைத் தண்டுவடத்தில் வைத்துக்கொண்ட ஓர் இளம்பெண்ணுக்கு, எட்டாண்டுகள் கழித்து அங்கே சளி சுரக்கும் கட்டி வளர்ந்திருந்ததை 2014-இல் மருத்துவ இதழ் ஒன்று பதிவுசெய்தது.

இப்போதே செய்யக்கூடியவை உண்டு. உடலில் டோபமினாக மாறும் லெவோடோபா மாத்திரையைப் பருப்பு, முட்டை, பால் போன்ற புரத உணவோடு சேர்த்துக் கொடுக்காமல், உணவுக்கு அரைமணி நேரம் முன்பே கொடுத்துப் பாருங்கள். நிலைப்படியருகே, அவர் ஓர் அடி வைக்கும் இடைவெளியில், தரையில் பளிச்சென்ற நிற ஒட்டுநாடாக்களைக் குறுக்காக ஒட்டுங்கள். கோட்டைத் தாண்டுவதாக நினைத்துக் கால் எடுக்கும்போது பலருக்கு அந்த உறைநிலை விடுகிறது. மாத்திரை வேளைகளை மாற்றியமைப்பது பற்றியும், மூளையில் மின்முனை பொருத்தும் அறுவை சிகிச்சை அவருக்குப் பொருந்துமா என்றும் நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: என் நான்கு வயது மகனுக்கு ஆட்டிசம். ஸ்டெம் செல் ஏற்றிய பிறகு பக்கத்துத் தெருக் குழந்தை பேசத் தொடங்கிவிட்டது என்கிறார்கள். நாங்களும் முயலலாமா?
- வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாம், அம்மா. தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறைக் குழு, ஆட்டிசத்துக்கு இச்சிகிச்சையைப் பரிந்துரைக்க இயலாது என்று 2022-இலேயே தெளிவாகக் கூறிவிட்டது. அந்தக் குழந்தை அதே மாதங்களில் பேச்சுப் பயிற்சிக்கும் சென்றதா என்று விசாரியுங்கள். நான்கு வயதில் குழந்தை வளர்ந்துகொண்டேதான் இருக்கும். அந்த வளர்ச்சியை ஊசியின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் பணம் பேச்சுப் பயிற்சிக்கும், அன்றாடச் செயல்களைப் பழக்கும் செயல்முறைப் பயிற்சிக்கும் செல்லட்டும்.