சாலையோரப் பஞ்சாயத்துக்கு ஒரு லட்சம் கடனா?

கேள்வி: பெங்களூரு கே.ஆர். புரத்தில் இருக்கிறோம். கார் என் பெயரில். சனி, ஞாயிறு தம்பி எடுத்துப் போவான். ஐந்து வாரம் முன்பு மழையில் டின் ஃபேக்டரி பக்கம் அவன் ஓட்டும்போது ஒரு ஸ்கூட்டர்காரரை இடித்துவிட்டான். அவருக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. போலீஸ் வேண்டாம் என்று பேசி, அங்கேயே ஜிபேயில் 25,000 அனுப்பினோம். கார் ரிப்பேர் 38,000, கிரெடிட் கார்டில். இப்போது ஆபரேஷனுக்கு இன்னும் 60,000 கேட்டு தினமும் போன் வருகிறது. கிளெய்ம் போட்டால் 35% போனஸ் போய்விடும், அதுவும் ஓட்டியது நான் இல்லையே என்று பயம். இதற்கு முன் இரண்டு தடவையும் (9,000, 11,000) கைக்காசுதான். ஒரு லட்சம் பர்சனல் லோன் எடுத்து எல்லாவற்றையும் முடித்துவிடலாமா?

பதில்: லோனை நிறுத்திவையுங்கள், அம்மா. வங்கி ஆப்பில் ‘ப்ரீ அப்ரூவ்டு’ என்று மின்னுவதைப் பார்த்தால் கை துறுதுறுக்கத்தான் செய்யும். 16% வட்டிக்கு இரண்டு வருடம் என்றால் மாதம் சுமார் 4,900 ரூபாய். வட்டி மட்டுமே பதினேழாயிரத்துச் சொச்சம்.

உங்களைக் கெடுப்பது விபத்து அல்ல. ஒவ்வொரு தடவையும் ரோட்டிலேயே பேசி முடிக்கிற பழக்கம்தான். அதற்கு நீங்கள் சொல்லும் இரண்டு காரணங்களும் நிற்காது.

முதலில் போனஸ். அது கிளெய்ம் போடாத வருடங்களுக்காக, சொந்த வாகனச் சேதத்துக்கான பிரீமியத்தில் மட்டும் கிடைக்கிற தள்ளுபடி. உங்கள் ரகக் காருக்கு அந்தப் பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 9,000 என்று வைத்துக்கொள்வோம். கிளெய்ம் போட்டால், 35 ஏறி அடுத்த வருடம் கிடைக்க வேண்டிய 45% போய், 4,050 நஷ்டம். அதற்கடுத்த வருடங்களில் 50 கிடைக்கும் இடத்தில் 20, 25, 35, 45 என்று ஏறிவரும். ஐந்து வருடத்துக்கும் கூட்டினால் நஷ்டம் 10,800. கார் பழசாக ஆக பிரீமியமும் இறங்கும், ஆகவே உண்மையில் இன்னும் குறைவு.

அந்தக் கணக்கில் 9,000, 11,000 இரண்டையும் கையிலிருந்து கொடுத்தது சரி. 38,000 சரியில்லை. ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் தரும் கூடுதல் பாதுகாப்பு) இல்லாத பாலிசி என்றால் பம்பர் மாதிரி பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதி, மூன்று வருடம் தாண்டி நாலு முடியாத காரின் உலோகப் பாகத்துக்கு கால் பங்கு பிடிப்பார்கள். சிறிய எஞ்சின் காருக்குக் கட்டாயக் கழிவு 1,000. எல்லாம் போனாலும் பதினெட்டாயிரம் அளவுக்காவது வந்திருக்கும். இப்போது சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்க்க எதுவும் மிச்சமில்லை, போனது போனதுதான். இனி ஏஜெண்ட், கிளெய்ம் போட்டாலும் போனஸ் போகாத ‘போனஸ் ப்ரொடெக்ட்’ என்று நீட்டினால் எவ்வளவு பிரீமியத்தைக் காப்பாற்ற எவ்வளவு கேட்கிறார் என்று பாருங்கள். உங்கள் காருக்கு ஜீரோ டெப்பில் போடுவது மேல்.

அடுத்தது, ஓட்டியது தம்பி என்பது. உங்கள் சம்மதத்துடன், செல்லுபடியாகும் லைசென்ஸ் வைத்திருந்து, குடிக்காமல் யார் ஓட்டினாலும் பாலிசி செல்லும். ‘நீங்களே ஓட்டியதாகச் சொல்லிவிடுங்கள்’ என்று ஒர்க்‌ஷாப்பில் யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது பொய்க் கிளெய்ம், உள்ளதும் போய்விடும்.

இனி அந்த 60,000. மூன்றாம் நபர் காயத்துக்கு உங்கள் பாலிசியில் உச்சவரம்பே கிடையாது. விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயம் எவ்வளவு சொன்னாலும் இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்க வேண்டும். வக்கீலும் அவர்கள் செலவில். இதற்கும் போனஸுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அதே பாலிசியின் பொடி எழுத்தில், கம்பெனியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் தவறை ஒப்புக்கொள்வதோ பணம் கொடுப்பதோ கூடாது என்றும் இருக்கிறது. அதனால் அந்த 25,000 திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இன்னொரு ரூபாய் அனுப்பினால் சிக்கல்தான் கூடும்.

அவரை ஏமாற்றச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். கை முறிந்து வேலைக்குப் போகாமல் இருப்பவருக்கு, நாலு தடவை கெஞ்சி வாங்குகிற காசைவிட வைத்தியச் செலவு, சம்பள இழப்பு எல்லாம் சேர்த்து தீர்ப்பாயம் தருவது நியாயம். சில மாதம் ஆகும், உண்மைதான். அன்றே போலீசுக்குச் சொல்லியிருந்தால், 2025 மே மாதம் அறிவித்த கட்டணமில்லா சிகிச்சைத் திட்டத்தில் முதல் ஏழு நாளைக்கு 1.5 லட்சம் வரை அவருக்குக் கேட்டிருக்கலாம். காயம்பட்டவரை ஆஸ்பத்திரி சேர்ப்பதும், 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குச் சொல்வதும், கம்பெனிக்குத் தெரிவிப்பதும் மோட்டார் வாகனச் சட்டம் 134-ஆவது பிரிவில் ஓட்டுநரின் கடமையாகவே இருக்கின்றன.

இன்றே கம்பெனிக்கு மெயில் அனுப்புங்கள். தேதி, இடம், ஓட்டியவர், கொடுத்த 25,000 எதையும் மறைக்காதீர்கள். தாமதத்தை மட்டும் காரணம் காட்டி நியாயமான கிளெய்மைத் தள்ளக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஸ்கூட்டர்காரருக்கு பாலிசி நம்பரை வாட்ஸப்பில் கொடுத்து, இனிப் பேச்சு கம்பெனியோடு என்று மரியாதையாகச் சொல்லுங்கள். விபத்து வழக்கு பார்க்கும் வக்கீல் ஒருவரோடு டிராஃபிக் ஸ்டேஷனுக்கும் போய் வாருங்கள்.

கார்டு 38,000 மட்டும் பாக்கி. மினிமம் கட்டி இழுத்தால் மாதம் 3.5% வீதம் 1,300 ரூபாய்க்கு மேல் வட்டி ஓடும். நகை இருந்தால் வங்கியில் வைத்து இதை அடைத்துவிடுங்கள். பாதியைத் தம்பியிடம் கேளுங்கள், ஓட்டியது அவர்தானே.

மெயில் அனுப்பும் முன் ஒன்று. தம்பியின் லைசென்ஸை வாங்கி விபத்து நாளில் அது காலாவதி ஆகியிருந்ததா என்று பாருங்கள். ஆகியிருந்தால் கம்பெனி காயம்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு அந்தத் தொகையைக் கார் உரிமையாளரான உங்களிடம் வசூலிக்கக்கூடும். அப்படியென்றால் முதலில் வக்கீல், பிறகு மெயில்.