மொட்டைமாடியில் வெப்பத்தடுப்புப் பலகை போட்டால் உண்மையிலேயே சூடு குறையுமா? கடைக்காரர் சொல்லும் ‘யு மதிப்பு’ என்றால் என்ன?

குறையும். ஆனால் ‘பத்து டிகிரி குறையும்’ என்ற பேச்சை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். பலகையின் தடிமன் எவ்வளவு, வெப்பக் கடத்துத்திறன் எவ்வளவு என்று கேளுங்கள். கேட்காமல் செலவழித்தவன் சொல்கிறேன்.

எங்கள் வீடு குமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கம். ஓட்டு வீடாக இருந்தவரை மச்சுக்கு மேலே காற்றோட்டம் உண்டு. ஏப்ரலிலும் மத்தியானம் கண்ணயரலாம். அதை இடித்துக் கான்கிரீட் போட்டோம். இரவு பத்து மணிக்குக் கட்டில்மேல் ஏறிக் கூரையின் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்தால், சோறு வடித்து இறக்கிய பானையைத் தொட்டதுபோல் இருக்கும். பகலில் குடித்த வெயிலைக் கான்கிரீட் இரவில்தான் கீழே இறக்குகிறது.

முதலில் வெள்ளைப் பூச்சு அடித்தேன். அந்தக் கோடையில் வித்தியாசம் தெரிந்தது. பிறகு ஆனி ஆடிச் சாரல், ஐப்பசி மழை. நமக்கு இரண்டு பருவமழையும் உண்டே! பாசி படர்ந்து மாடி கறுத்தது. வெயிலைத் திருப்பி அனுப்புவதுதான் பூச்சின் வேலை; கறுத்துவிட்டால் அது வெறும் பெயின்ட்.

பலகையின் கணக்கு வேறு. தடிமனை மீட்டரில் எழுதிக் கடத்துத்திறனால் வகுத்தால் வருவது வெப்பத்தடை, அதாவது ஆர் மதிப்பு. 12 செ.மீ. கான்கிரீட்டுக்கு 0.12 ÷ 1.58, வெறும் 0.08. மேலும் கீழும் ஒட்டி நிற்கும் காற்றுப் படலங்களுக்கு 0.21 சேர்த்தால் 0.29. ஒன்றை இதால் வகுத்தால் யு மதிப்பு, சுமார் 3.5. ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர் வழியே இத்தனை வாட் வெப்பம் இறங்குகிறது என்று பொருள். கடத்துத்திறன் 0.03 உள்ள எக்ஸ்பிஎஸ் (தெர்மாகோல் இனத்தைச் சேர்ந்த, இறுக்கமான நுரை) பலகையை 5 செ.மீ. போட்டால் தடை 1.67 கூடி, யு மதிப்பு 0.5 ஆகிறது. வீடுகளின் ஆற்றல் சிக்கனத்துக்கான மத்திய அரசின் விதித்தொகுப்பான எக்கோ நிவாஸ் சம்ஹிதா 2018 வீட்டுக் கூரையின் யு மதிப்புக்கு வைத்த உச்ச வரம்பு 1.2. பலகையை 10 செ.மீ. ஆக்கினால் 0.28-க்கு இறங்கும், அவ்வளவுதான். இரண்டாவது 5 செ.மீ.-க்கான காசை நான் மிச்சம் பிடித்தேன்.

இந்தக் கணக்கெல்லாம் பலகை காய்ந்திருக்கும்வரைதான். உள்ளே நீர் புகுந்தால் காற்று இருந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். சாதாரண தெர்மாகோலைவிட எக்ஸ்பிஎஸ் நீரைக் குறைவாகவே உறிஞ்சும் என்பதால் நம் ஊர் மழைக்கு அதுவே என் தேர்வு. முதலில் கசிவை அடைத்து, மழைநீர் வடியும் வாட்டம் சரிபார்த்து, நீர்த்தடுப்புப் பூச்சு, அதன்மேல் பலகை, அதற்கும் மேல் சிமென்ட் தளம். கூரைக்கு அடியில் ஒட்டினால் செலவு குறையலாம், ஆனால் கான்கிரீட் வெயிலில் வெந்துகொண்டேதான் இருக்கும், விரிசலும் நிற்காது.

இன்னொன்று: பலகை போட்டபின் இரவில் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். அடுக்களைச் சூடும் சுவர் வழியே வந்த சூடும் முன்புபோலக் கூரை வழியே வெளியேறாது. எங்கள் மேற்குச் சுவர் இன்னமும் சுடுகிறது. அதற்கு இரண்டு வாழை நட்டிருக்கிறேன்.